முதலில் ஜல்லியைப் பார்

சேலையூர்

அன்புள்ள தம்பிக்கு,

வாட்ஸ்அப்பில் நீ அனுப்பிய கேள்விக்கு அதிலேயே இரண்டு வரியில் பதில் போட்டிருக்கலாம். மனம் வரவில்லை. “சார், கான்கிரீட் கட்டர் வாங்கப் போறேன். எந்த கம்பெனி நல்லது? எத்தனை ஹெச்பி எடுக்கட்டும்?” என்று கேட்டிருந்தாய். காண்ட்ராக்ட் எடுக்கத் தொடங்கும் பிள்ளைகள் எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள், இதே வரிசையில்: கம்பெனி, ஹெச்பி, அப்புறம் விலை. எதை வெட்டப் போகிறாய் என்பதை மட்டும் ஒருவரும் சொல்வதில்லை. நீயும் சொல்லவில்லை.

“கான்கிரீட்டைத்தான் வெட்டப் போறேன், அதுதான் எழுதியிருக்கேனே” என்பாய். அது பதில் ஆகாது. கான்கிரீட்டின் கன அளவில் ஏறத்தாழ முக்கால் பங்கு ஜல்லியும் மணலும்தான் என்று வகுப்பில் படித்தவன் நீ. அப்படியானால் உன் பிளேடு சந்திக்கப் போவது சிமென்ட்டை அல்ல, கல்லை. நம் பக்கத்தில் அது என்ன கல்? இந்தக் கேள்வியிலிருந்து தொடங்கியிருந்தால் பாதி பதிலை நீயே கண்டுபிடித்திருப்பாய்.

தாம்பரத்திலிருந்து கிண்டிக்கு மின்சார ரயிலில் போகும்போது பல்லாவரம், திரிசூலம் பக்கம் தெரிகிற குன்றுகளைப் பார்த்திருப்பாய். அவை சார்னோக்கைட் பாறை. ஹைப்பர்ஸ்தீன் என்ற கனிமம் கலந்த, புதிதாக உடைத்த முகத்தில் எண்ணெய் தடவினாற்போல் மினுங்குகிற, கரும்பச்சைச் சாயல் கொண்ட கல். ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவானது. உலகத்துப் புவியியல் மாணவர்கள் எல்லோரும் படிக்கிற இந்தப் பாறை வகைக்கு மூலமாதிரி இடம் பரங்கிமலை, பல்லாவரம் வட்டாரம்தான். பரங்கிமலைப் பாறையை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறது. நம் ஆட்கள் விமானம் பார்க்கத்தான் அங்கே நிற்கிறார்கள். கல்லைப் பார்க்க நின்ற ஒருவரை நான் கண்டதில்லை.

இந்தக் கல்லின் கதையில் ஒரு வேடிக்கை உண்டு. கல்கத்தாவில் ஆங்கிலேயர் குடியிருப்பைத் தொடங்கி வைத்தவராகச் சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறை அங்கே செயின்ட் ஜான்ஸ் தேவாலய வளாகத்தில் இருக்கிறது. அதன் கல்வெட்டுப் பலகை மதராஸ் பக்கத்திலிருந்து கப்பலில் போன கல். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் இருந்த தாமஸ் ஹாலந்து அந்தக் கல்லை ஆராய்ந்து 1893-இல் வங்காள ஆசியவியல் கழகத்தில் கட்டுரை படித்தார். 1900-இல் இந்தப் பாறைத் தொகுதியைப் பற்றியே தனி நூல் எழுதினார். ஆக, பல்லாவரத்துக் கல்லுக்குக் கல்கத்தாவில் புதைந்தவரின் பெயர் வாய்த்தது. அந்தப் பழைய அறிக்கைகளை ஓய்வுபெற்ற பிறகு ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து படித்தேன். கனிமத்தைப் பற்றி எழுதும்போதும் எவ்வளவு நிதானம்! இன்றைய மெஷின் விளம்பரப் புத்தகங்களை எழுதுகிறவர்கள் அதில் ஒரு பக்கமாவது படிக்க வேண்டும்.

அதே பல்லாவரத்தில்தான் 1863 மே 30-ஆம் தேதி ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்கு ஆதாரமாக நின்ற கண்டுபிடிப்பு. உனக்கு இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்தக் கோடரி குவார்ட்சைட் கல்லில் செய்தது. சார்னோக்கைட் குன்று கண்ணெதிரே நிற்க, அந்த மனிதன் அதைத் தொடவில்லை. குவார்ட்சைட் சில்லுச் சில்லாகப் பெயர்ந்து கூரிய விளிம்பு தரும்; இந்தக் கருங்கல் அப்படிப் பெயராது. பள்ளிக்கூடம் போகாதவன் தன் வேலைக்கு எந்தக் கல் என்று முதலில் தெரிந்துகொண்டான். டிப்ளமோ முடித்த நீ ஹெச்பி கேட்கிறாய். கோபித்துக்கொள்ளாதே, மேலே படி.

ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகேந்திரவர்மன் இதே பல்லாவரக் குன்றில் ஒரு குடைவரை வெட்டுவித்தான். தூண்களும் விருதுப் பெயர்களின் கல்வெட்டும் உள்ள அந்தக் குடைவரை பிற்காலத்தில் முஸ்லிம் வழிபாட்டிடமாயிற்று. இரும்பு உளியை வைத்துக்கொண்டு இந்தப் பாறையைக் குடைந்தவர்கள் எப்படிச் சமாளித்தார்கள்? மாமல்லபுரத்துச் சிற்பிகளிடம் கேட்டுப்பார். கருங்கல்லில் உளி முனை சீக்கிரம் மழுங்கிப்போகும். மறுபடி உலையில் காய்ச்சி, அடித்து, பதம் ஏற்றித் தர வேண்டும். கல்தச்சனின் வேகத்தை நிர்ணயிப்பது அவன் கை வலிமை அல்ல, பக்கத்தில் உலை ஊதுகிறவன் எத்தனை உளி தீட்டித் தருகிறான் என்பதுதான். வெட்டும் வேலையின் சூட்சுமம் முழுக்கத் தீட்டுவதில் இருக்கிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு டைமண்ட் பிளேடுக்கு வருவோம்.

டைமண்ட் பிளேடு கல்லை வெட்டுவதில்லை, தேய்க்கிறது. எஃகுத் தட்டின் விளிம்பில் ஒட்டியிருக்கும் செக்மென்ட் ஒவ்வொன்றும் உலோகப் பொடிகளைச் சூட்டில் அழுத்திச் செய்த கட்டி. அதற்குள் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் அளவுள்ள செயற்கை வைரத் துகள்கள் விரவிக் கிடக்கின்றன. (செயற்கை வைரத்தை 1954 டிசம்பரில் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் செய்து காட்டினார்கள். அது மலிவான பிறகுதான் நம் மாதிரி ஆட்கள் வைரத்தை வைத்து ரோடு அறுக்க முடிந்தது.) வெளியே தலைநீட்டும் வைரம் கல்லைக் கீறிப் பொடியாக்கும். வேலை செய்யச் செய்ய அந்த வைரம் மழுங்கும், உடையும். அப்போது அதைப் பிடித்திருக்கும் உலோகம் தேய்ந்து அதை உதிர்த்துவிட்டு, உள்ளே இருக்கும் புதிய வைரத்தை வெளியே விட வேண்டும். அந்த உலோகத்தைத் தேய்ப்பது யார்? நீ வெட்டுகிற கான்கிரீட்டிலிருந்து கிளம்பும் பொடிதான். அதாவது இந்தக் கருவிக்கு உலைக்களம் தனியாக இல்லை. வெட்டப்படும் பொருளே அதைத் தீட்டிக் கொடுக்க வேண்டும்.

கடைக்காரர்கள் ‘சாஃப்ட் பாண்ட்’, ‘ஹார்ட் பாண்ட்’ என்று சொல்வது இந்த உலோகத்தைத்தான். இங்கேதான் எல்லோரும் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். கல் கடினமாக இருந்தால் பிளேடும் கடினமாக இருக்க வேண்டும் என்று நினைப்பது இயல்பு; அது தவறு. கடினமான கல் வைரத்தைச் சீக்கிரம் மழுக்கும், ஆனால் அதிலிருந்து வரும் பொடி மிக நைசாக இருப்பதால் உலோகத்தை அவ்வளவாக அரிக்காது. அங்கே உலோகம் இளகியதாக இருந்தால்தான் மழுங்கிய வைரம் உதிர்ந்து புதியது முளைக்கும். மாறாக, தார் ரோடு, பச்சைக் கான்கிரீட், செங்கல் போன்றவை மென்மையானவை. பொடி சொரசொரப்பாக வந்து உலோகத்தைக் கரைத்துவிடும். அங்கே கெட்டி உலோகம் வேண்டும், இல்லையென்றால் நல்ல வைரமெல்லாம் வேலை முடியுமுன்பே உதிர்ந்துபோகும். கடினத்துக்கு இளக்கம், இளக்கத்துக்குக் கடினம். பரீட்சையில் இதை எத்தனை முறை கேட்டாலும் பாதிப் பேர் மாற்றித்தான் எழுதுவார்கள்.

உன் பாட்டி வீட்டு அம்மியை நினைத்துக்கொள். அரைத்து அரைத்து வழுவழுப்பாகிவிட்டால் மிளகாய் நழுவுமே தவிர மசியாது. “அம்மி கொத்தலையோ” என்று குரல் கொடுத்து வருகிறவர் உளியால் கொத்திக் கொடுத்தால் மறுபடி அரைக்கும். கெட்டி பாண்ட் பிளேடைக் கருங்கல் ஜல்லியில் ஓட்டினால் நேர்வது அந்த வழுவழுப்புதான். செக்மென்ட் பளபளவென்று கண்ணாடியாகிவிடும், விரலால் தடவினால் வைரம் தட்டுப்படாது. மெஷின் அலறும், கம்பியே இல்லாத இடத்தில் பொறி பறக்கும், ஆழம் இறங்காது. உடனே ஆபரேட்டர் என்ன சொல்வான்? “மெஷினுக்குப் பவர் பத்தலை சார்.” முதலாளி அதிக ஹெச்பி மெஷின் வாங்குவார். அதிலும் அதே பிளேடு. எங்கள் தெருவில் வடிகால் வேலை எடுத்த ஒருவர் அப்படித்தான் இரண்டாவது மெஷினையும் வாங்கிவிட்டு, கம்பெனியைத் திட்டிக்கொண்டு திரிந்தார். நான் போய்ச் சொன்னேன். வாத்தியார் பேச்சு என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

வழுவழுத்துப்போன பிளேடைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. சாணைச் சக்கரத் துண்டு, மணல் தூக்கலான ஹாலோ பிளாக், ஏஏசி பிளாக் இவற்றில் ஒன்றில் ஆழம் குறைவாகச் சில முறை ஓட்டினால் உலோகம் தேய்ந்து வைரம் மீண்டும் தலைகாட்டும். ஓடிய பிளேடின் ஒவ்வொரு வைரத்துக்குப் பின்னாலும் உலோகம் ஒரு சிறு வால் விட்டிருக்கும். அந்த வால்தான் வைரத்துக்கு முட்டு. பிளேடைக் கழற்றித் திருப்பி மாட்டினால் முட்டு இல்லாத பக்கத்திலிருந்து அடி விழும், வைரம் உதிரும். தட்டின் மேல் போட்டிருக்கும் அம்புக்குறியை மதிக்கச் சொல்வது அதற்காக. சைட்டில் அதைப் பார்த்து மாட்டுகிறவன் அபூர்வம்.

இனி என் சொந்தக் கொள்கை ஒன்று. சக ஆசிரியர்கள் இதைக் கேட்டுக் கிண்டல் செய்ததுண்டு; எனக்கு அதில் சந்தேகமே இல்லை. தென்சென்னைப் புறநகரில் பிளேடு தேர்ந்தெடுக்கக் கட்டடத்தின் வயதைக் கேட்டால் போதும்.

கிழக்குத் தாம்பரத்துப் பழைய வீடுகளின் மொட்டைமாடியில் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்து போட்ட சுருக்கித் தளம் இருக்கும். அது மென்மையானது, ஆனால் உலோகத்தைப் பேயாய்த் தின்னும். அதற்குக் கெட்டி பாண்ட். அதன் கீழே ஆர்சிசி ஸ்லாப் வந்தால் பிளேடை மாற்று. இரண்டையும் ஒரே பிளேடில் முடிக்கப் பார்க்காதே. அடுத்த தலைமுறை வீடுகள் ஆற்று மணலும் கருங்கல் ஜல்லியும். பாலாற்று மணல் குவார்ட்ஸ்தான், கடினமானதுதான். ஆனால் ஆறு உருட்டி உருட்டி அதன் முனைகளை மழுக்கிவிட்டது. உருண்டை மணல் உலோகத்தை அதிகம் அரிக்காது. ஜல்லியோ வைரத்தை மழுக்கும். இந்த வயதுக் கான்கிரீட்தான் பிளேடுக்கு ஆகக் கஷ்டமான பரீட்சை. இருப்பதிலேயே இளகிய பாண்டை இங்கே போடு. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் கட்டியவை பெரும்பாலும் எம்-சாண்ட். பாறையை உடைத்துச் செய்த மணல், முனைகள் கூர் மழுங்காதவை. அது உலோகத்தை ஓரளவு அரித்துக்கொடுக்கும். பாண்ட் ஒரு படி கெட்டியாக இருந்தாலும் பிளேடு தன்னைத் தானே தீட்டிக்கொள்ளும். அதே மெஷின், அதே ஆள், அதே தெரு. 1985-இல் கட்டிய வீட்டுக்கும் 2018-இல் கட்டிய வீட்டுக்கும் பிளேடு வேறு. மெஷின் கம்பெனிக்காரர் இதைச் சொல்லமாட்டார். அவர் சேலையூரில் குடியிருக்கவில்லை.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள். அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் சுண்ணாம்புக்கல்லை உடைத்துத்தான் ஜல்லி போடுகிறார்கள். அதன் கனிமமான கால்சைட் மோஸ் அளவில் 3. நம் சார்னோக்கைட்டில் உள்ள ஃபெல்ட்ஸ்பார் 6, குவார்ட்ஸ் 7. ‘எல்லாக் கான்கிரீட்டுக்கும் ஏற்றது’ என்று அட்டையில் அச்சடித்து வரும் பிளேடு எந்த ஊர்க் கான்கிரீட்டை நினைத்துச் செய்தது என்று கேட்க வேண்டாமா? திரிசூலம், பம்மல் பக்கத்துப் பழைய குவாரிக் குழிகளில் இன்று தண்ணீர் நிற்கிறது. ஜல்லி இப்போது செங்கல்பட்டு, காஞ்சிபுரம் மாவட்டங்களிலிருந்து லாரியில் வருகிறது. அங்கேயும் பெரும்பாலும் சார்னோக்கைட் அல்லது நைஸ் வகைப் பாறைதான். பேனாக்கத்தியால் கீறிப் பார். கல்லில் கீறல் விழாது, கத்தியின் இரும்புதான் கோடாக ஒட்டும். அப்படியென்றால் ‘ஹார்ட் அக்ரிகேட்’ என்று கேட்டு வாங்கு.

சரி, மெஷினுக்கு வருகிறேன். அவசரப்படுகிறாய் என்று தெரியும்.

முதல் கணக்கு ஆழம். பிளேடின் விட்டத்திலிருந்து அதை நெருக்கிப் பிடிக்கும் ஃபிளாஞ்சின் விட்டத்தைக் கழித்துப் பாதியாக்கினால் ஆழம் வரும். 14 அங்குல பிளேடு, அதாவது 350 மி.மீ., ஏறத்தாழ 125 மி.மீ. இறங்கும், 12 அங்குலம் 100 மி.மீ. டைல்ஸ் ஆட்கள் வைத்திருக்கும் 4 அங்குல மார்பிள் கட்டர் 30 மி.மீ. சொச்சம்தான். வயரிங் காடி எடுக்க அது போதும், ஸ்லாப் வெட்ட அல்ல. வீட்டு ஸ்லாப் 5 அங்குலம் என்றால் கையில் பிடிக்கும் 14 அங்குல மெஷின் விளிம்பில் நிற்கும். அடிப்புறமும் கோடு போட்டு இரண்டு பக்கமும் வெட்டத் தயாராக இரு. தெருவில் பாதாளச் சாக்கடை இணைப்புக்குச் சிமென்ட் ரோட்டை வெட்டுகிறாய் என்றால் முழு ஆழம் அறுக்க வேண்டிய அவசியமே இல்லை. மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு நேர்க்கோடு போட்டுவிட்டு பிரேக்கரால் உடைத்தால் விளிம்பு சிதறாமல் நிற்கும், பின்னால் ஒட்டுப்போடுவதும் சுலபம். மாநகராட்சியில் ரோடு கட்டிங் அனுமதி வாங்காமல் மெஷினை இறக்காதே. தாம்பரம் 2021-இல் மாநகராட்சியான பிறகும் “நகராட்சிக் காலத்துப் பழக்கம்” என்று பேசிக்கொண்டு திரிகிற மேஸ்திரிகளை நம்பாதே.

கையில் பிடிக்கும் பெட்ரோல் மெஷினில் ஸ்டில், ஹஸ்க்வர்னா இரண்டும்தான் உன் காதில் விழுந்திருக்கும். ஸ்டில் டிஎஸ் 420 ஏறத்தாழ 67 சிசி, 3.2 கிலோவாட். ஹஸ்க்வர்னா கே 770 ஏறத்தாழ 74 சிசி, 3.7 கிலோவாட். இரண்டும் 14 அங்குல பிளேடு ஏற்கும், இரண்டும் பிளேடு இல்லாமலே ஏறத்தாழ பத்துக் கிலோ கனம். இந்த அரைக் கிலோவாட் வித்தியாசத்தை வைத்து நீங்கள் டீக்கடையில் நடத்தும் பட்டிமன்றம் எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. சரியான பிளேடு போட்ட 3.2, தவறான பிளேடு போட்ட 3.7-ஐ எந்த நாளும் முந்தும். நீ பார்க்க வேண்டியது வேறு: ஏர் ஃபில்டரை எவ்வளவு சுலபமாகக் கழற்ற முடிகிறது, ஸ்டார்ட்டர் கயிறு, பெல்ட், கார்புரேட்டர் டயஃப்ரம் மூன்றும் சென்னையில் அன்றைக்கே கிடைக்குமா, பழுது பார்க்கிறவர் தாம்பரத்துக்கும் கிண்டிக்கும் நடுவில் யாராவது இருக்கிறாரா. காண்ட்ராக்ட் வேலையில் நம்பகம் என்பதற்கு என் கணக்கில் ஒரே பொருள்தான். மெஷின் நின்றால் மறுநாள் காலை ஆட்கள் வருவதற்குள் ஓட வேண்டும். எவ்வளவு உயர்ந்த மெஷினும் உதிரிப் பாகம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும் என்றால் உனக்கு அது மூட்டைச் சுமை. டூ-ஸ்ட்ரோக் என்ஜினுக்கு 5 லிட்டர் பெட்ரோலுக்கு 100 மி.லி. ஆயில் என்று அளந்து ஊற்றச் சொல். “கண்மதிப்பு” என்கிற ஆபரேட்டர்தான் என்ஜினைக் கொல்வான்; பழி கம்பெனிக்குப் போகும்.

தள்ளிக்கொண்டு போகும் ரோடு கட்டர்களில் பெரும்பாலும் ஹோண்டா ஜிஎக்ஸ் 390 அல்லது அது மாதிரி என்ஜின் இருக்கும்: 389 சிசி, ஃபோர்-ஸ்ட்ரோக். என்ஜின் எது என்பதைவிட அச்சுத்தண்டும் பேரிங்கும் எப்படி என்று பார். பிளேடை மாட்டாமல் தண்டைக் கையால் ஆட்டிப் பார். லேசாக ஆடினாலும் வேண்டாம். ஆடுகிற தண்டில் எந்த பிளேடும் நேர்க்கோடு போடாது, செக்மென்ட்டும் உடையும். இந்த மெஷினை நீ இப்போது வாங்கவே வேண்டியதில்லை, வாடகைக்கு எடு. மாதத்தில் பாதி நாள் அது ஓடும் அளவுக்கு வேலை வந்த பிறகு யோசிக்கலாம்.

வேகத்தைப் பற்றி ஒரு சொல். கைமெஷினில் 14 அங்குல பிளேடின் விளிம்பு நொடிக்கு 90 மீட்டர் பக்கம் ஓடும். ரோடு கட்டரில் அதில் பாதிதான். வேகம் கூடும்போது ஒவ்வொரு வைரத்தின் மேலும் விழும் பாரம் குறையும், அதனால் அதே பிளேடு கெட்டி பாண்ட் போட்டதுபோல நடந்துகொள்ளும். ரோடு கட்டருக்கு வாங்கிய பிளேடைக் கைமெஷினில் மாட்டிவிட்டு “மட்டம்” என்று சொல்வது அந்த பிளேடுக்குச் செய்யும் அநியாயம். அது மட்டுமல்ல, அபாயமும்கூட. பிளேடில் பொறித்திருக்கும் உச்ச ஆர்பிஎம், மெஷினின் ஆர்பிஎம்மைவிடக் கூடுதலாக இருந்தே தீர வேண்டும். துளையையும் பார்: 20 மி.மீ., 25.4 மி.மீ. என்று இரண்டு அளவு புழக்கத்தில் உண்டு. பெரிய துளைக்கு அதற்குரிய புஷ் வாங்கிப் போடாமல் தகரத்தைச் சுற்றி அடைக்கிற வித்தையை உன் சைட்டில் பார்த்தால், அன்றே உன்னோடு பேசுவதை நிறுத்திவிடுவேன்.

ஸ்லாப்பில் சதுரமாகத் திறப்பு வெட்டும்போது ஒரு சங்கதியைப் பலர் மறக்கிறார்கள். பிளேடு வட்டம், மேலே கோடு மூலையைத் தொடும்போது அடியில் இன்னும் தொட்டிருக்காது. அடியும் வெட்டுப்பட வேண்டுமென்று கோட்டைத் தாண்டி ஓட்டுவார்கள். தாண்டிய இடத்தில் மீதி நிற்கும் ஸ்லாப்பின் கம்பியும் அறுந்துபோகும், பிறகு அந்த மூலையிலிருந்துதான் வெடிப்பு கிளம்பும். நான்கு மூலையிலும் முதலில் கோர் கட்டிங் போட்டுக்கொண்டு, துளையிலிருந்து துளைக்கு அறு. பீம், காலம் எதையாவது தொட வேண்டியிருந்தால் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரின் கையெழுத்து இல்லாமல் தொடாதே. வீட்டுக்காரர் “சின்ன வெட்டுதான்” என்பார். சொல்கிறவருக்கு என்ன, வழக்கு உன் பேரில் வரும்.

புது சிமென்ட் ரோட்டில் ஜாயின்ட் கட்டிங் கிடைத்தால் அது வேறு கலை. தடிமனில் நான்கில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரை ஆழம் என்பது உனக்குத் தெரியும். எப்போது வெட்டுவது என்பதில்தான் மேஸ்திரியும் நீயும் சண்டை போடுவீர்கள். சீக்கிரம் வெட்டினால் ஜல்லி பெயர்ந்து விளிம்பு கிழியும், தாமதித்தால் கான்கிரீட் தன் இஷ்டப்படி வெடித்துக்கொள்ளும். நம் ஊர் மே மாதத்தில் இறுக்கம் வேகமாக நடக்கும். மாலை போட்ட கான்கிரீட்டுக்கு விடியுமுன் ஆள் வேண்டும். ஓரத்தில் ஒரு சாண் வெட்டிப் பார், ஜல்லி பெயராவிட்டால் தொடங்கு. பச்சைக் கான்கிரீட்டின் சேறு செக்மென்ட்டுக்குக் கீழே உள்ள எஃகைக் குடைந்து செக்மென்ட்டையே விழச் செய்யும். அதற்கென்று அடிக்காப்பு வைத்த பிளேடு தனியாக வருகிறது, அதைக் கேள்.

தண்ணீர் இல்லாமல் வெட்டாதே. இதில் எனக்குப் பொறுமை கிடையாது. ‘ட்ரை கட்டிங்’ என்று அட்டையில் போட்டிருந்தால் பிளேடு தாங்கும் என்றுதான் பொருள். உன் நுரையீரல் தாங்கும் என்று அதில் எழுதியிருக்கவில்லை. இந்தக் கல்லிலும் மணலிலும் குவார்ட்ஸ் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தத் தூள் நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸ் வந்தால் மருந்து கிடையாது. அமெரிக்கா 2016-இல் ஒரு கன மீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராம் என்று எட்டு மணிநேர வேலைக்கு வரம்பு வைத்தது. தண்ணீர் இல்லாமல் ஓடும் ஒரு மெஷின் கிளப்பும் வெள்ளைப் புகையைப் பார்த்தால் அந்த வரம்பு எத்தனை நிமிடத்தில் கடக்கும் என்று நீயே யோசி. கைக்குட்டை கட்டுவதால் ஒரு பயனும் இல்லை. முகத்தோடு ஒட்டும் என்95 முகமூடி ஆளுக்கு ஒன்று, தினமும் கொடு; விலை பிளேடின் ஓரத்துக்குக் காணாது. “தண்ணி டேங்கருக்குக் காசு ஆகுது சார்” என்று மட்டும் என்னிடம் சொல்லாதே, டெண்டர் போடும்போதே அதைச் சேர்த்துப் போடு. வெட்டும்போது வரும் சாம்பல் சேற்றை மழைநீர் வடிகாலில் தள்ளிவிடாதே. அது அங்கேயே இறுகும், இறுகாமல் போனது ஏரிக்குப் போய்ச் சேரும். கடுமையான காரம், ஆபரேட்டரின் கால் தோலும் வெந்துபோகும். கம்பூட்ஸ் வாங்கிக் கொடு.

நீ எழுதியிருக்கும் வேலைகளைப் பார்த்தால் (ராஜகீழ்ப்பாக்கம் பக்கம் வீட்டு இணைப்புகள், ஒரு பழைய வீட்டில் மாடிப்படித் திறப்பு) கைமெஷின் ஒன்று சொந்தமாகப் போதும். 14 அங்குலம், தண்ணீர் இணைப்பு உள்ளது. இரண்டு கம்பெனியில் எதன் சர்வீஸ் உனக்குக் கிட்டத்தில் இருக்கிறதோ அது. மெஷினில் மிச்சம் பிடிக்கிற பணத்தை பிளேடில் போடு: கடினக் கல்லுக்கு இளகிய பாண்டில் இரண்டு, செங்கல் ஜல்லிக்கும் தாருக்கும் கெட்டி பாண்டில் ஒன்று. பாரிமுனைக்குப் போய் வாங்கினால் விலை படியும், ஆனால் பேரத்தில் மயங்கி ‘ஜெனரல் பர்ப்பஸ்’ எடுத்து வந்துவிடாதே. ஒவ்வொரு பிளேடுக்கும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கு. எந்தக் கட்டடம், எந்த ஆண்டு கட்டியது, மணல் என்ன, எத்தனை மீட்டர், எத்தனை மி.மீ. ஆழம், செக்மென்ட் எவ்வளவு தேய்ந்தது. பிளேடின் விலையை அது வெட்டிய மீட்டரால் வகுத்தால் எது மலிவு என்று தானே தெரியும். ஆறு மாதம் எழுதினால், எந்த விற்பனைப் பிரதிநிதியும் சொல்லித் தராத பட்டியல் உன் கையில் இருக்கும்.

மாடிப்படி வேலைக்கு அட்வான்ஸ் வாங்குமுன் அந்த வீட்டுக்காரரிடம் எந்த ஆண்டு கட்டியது என்று கேட்டு எனக்கு எழுது. மொட்டைமாடியில் சுருக்கித் தளம் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிட்டு வா. இருந்தால் கூலியை இப்போது சொன்னதைவிடக் கூட்டித்தான் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய வாத்தியார்